வாய்க்குள் போகும் மூலிகைக்குச் சோதனை: காங்கேயம் பட்டதாரிகளுக்கு ஒரு வேலை வழிகாட்டி

காங்கேயம் என்றால் காளை, கொப்பரை, தேங்காய் எண்ணெய். படித்து முடித்த பிள்ளைகள் பார்ப்பது திருப்பூர் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை லேப், துணி டெஸ்டிங் லேப். அதற்கு மேல் கோவை. வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், பி.ஃபார்ம். படித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மூலிகைச் சாறு சேர்த்த பற்பசை, பல்பொடி, வாய் கொப்பளிக்கும் எண்ணெய், ஈறுக்குத் தடவும் ஜெல் ஆகியவை கடைக்குப் போகும் முன், அவற்றால் கெடுதல் உண்டா என்று சோதித்துச் சொல்லும் வேலை அது.

“மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்ற கேள்வியை இந்த வேலையில் தினமும் கேட்பீர்கள். கிருமியைக் கொல்கிறது என்று காட்டுவதோடு ஒரு சாறு பாதுகாப்பானதாகிவிடாது. எந்த அளவில், எத்தனை நாள், யார் வாயில்? இந்த மூன்றுக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்லத் தெரிந்தவருக்கே இந்தத் துறையில் மதிப்பு. அந்தத் திறமையை எப்படி வளர்ப்பது, எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று பார்ப்போம்.

இந்தச் சோதனை ஏன் வேண்டும்?

அமெரிக்காவில் நடந்த ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாங்குவினேரியா என்ற செடியின் கிழங்கிலிருந்து எடுத்த சாறு 1980களில் வயடென்ட் என்ற பற்பசையிலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் சேர்க்கப்பட்டது. பல்லில் படியும் அழுக்குப் படலத்தைக் குறைக்கும் மூலிகை என்று பெயரும் வாங்கியது. 1999இல் வாய் நோய்க்கூறு வல்லுநர்கள் அதைப் பயன்படுத்தியவர்களிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்து எழுதினார்கள். மேல் ஈறுக்கும் உதட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் வெண்படலம் தோன்றியிருந்தது. லியூகோபிளேக்கியா எனப்படும் இந்த வெண்படலம் பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ளது. அதன்பின் அந்தச் சாறு பற்பசையிலிருந்து நீக்கப்பட்டது. குறுகிய காலச் சோதனையில் தெரியாத கெடுதல் நாள்பட்ட பழக்கத்தில் வெளியே வந்தது.

அந்தச் சாற்றின் முக்கிய வேதிப்பொருள் சாங்குவினரின் என்ற ஆல்கலாய்டு. இதே பொருள் நம் பிரம்மதண்டு விதையிலும் இருக்கிறது. தரிசு நிலத்திலும் ரோட்டோரத்திலும் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கிறதே, அந்தச் செடிதான். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயோடு பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரம்மதண்டைச் சுட்டுச் சாம்பலாக்கிப் பல் துலக்கும் கைவைத்தியமும் நம்மிடம் உண்டு. சாம்பலில் அந்த ஆல்கலாய்டு மிஞ்சுகிறதா, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஊகத்தில் விட முடியாது. எச்.பி.எல்.சி. கருவியில் அளந்துதான் சொல்ல வேண்டும்.

வேம்பையும் பாருங்கள். வேப்பங்குச்சியில் பல் துலக்கியவர்கள் கோடிக்கணக்கானோர். அதே மரத்தின் விதையிலிருந்து எடுத்த வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளே கொடுத்ததால் மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளின் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். மரம் ஒன்றுதான். பாகமும் அளவும் வயதும் மாறியதால் விளைவு மாறியது.

புகையிலையும் ஒரு செடிதான். பற்பசையிலும் பல்பொடியிலும் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992இல் தடை விதித்தது. அதற்கு முன் அது “பல் வலிக்கு நல்லது” என்றே விற்றுக்கொண்டிருந்தது.

சோதனையின் வரிசை

நேர்காணலில் “ஒரு மூலிகைச் சாறு உங்கள் கைக்கு வருகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் பலர் நேராக “எம்.டி.டி. சோதனை” என்கிறார்கள். செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனை நான்காவது படி. வரிசை இதுதான்.

1. செடி எது? காங்கேயத்துக் கொறங்காடுகளில் நிற்பது வெள்வேல மரம். குளத்தோரம் கருவேலம் இருக்கும். எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம். “வேலம்பட்டை” என்று சாக்கில் வருவது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பூ, காய், இலையோடு மாதிரி எடுத்து உலர்த்தி, தாளில் ஒட்டி, தாவரவியலாளரிடம் பெயர் உறுதி செய்ய வேண்டும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல மையம் இருக்கிறது. மதராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் செய்யும் எல்லாச் சோதனையும் வீண்.

2. சாறு எப்படி எடுத்தது? தண்ணீரிலா, எத்தனாலிலா, மெத்தனாலிலா, ஹெக்சேனிலா? ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள்களை இழுக்கும். மெத்தனாலில் எடுத்த சாறு பாதுகாப்பானது என்ற முடிவு, தண்ணீரில் காய்ச்சிய கசாயத்துக்குப் பொருந்தாது. மிஞ்சிய கரைப்பானை ஜி.சி. கருவியில் அளக்க வேண்டும்.

3. வேண்டாதது என்ன சேர்ந்திருக்கிறது? ஆயுர்வேத, சித்த மூலிகை மருந்துகளுக்கு ஈயம் 10 பி.பி.எம்., ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு உண்டு. பூச்சிக்கொல்லி எச்சம், கிருமிகளின் எண்ணிக்கை, பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கொப்பரை சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று நம் உலர்களங்களில் எல்லோருக்கும் தெரியும். சுத்திகரிக்கும் ஆலையில் அந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே வடிகட்டும் எண்ணெயில் நீங்காது. கொப்பளிக்கும் எண்ணெய்க்குக் கொப்பரையைத் தேர்ந்தெடுக்கும்போதே சோதனை தொடங்கிவிட வேண்டும். பூஞ்சை வராமலிருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரை என்றால் சல்ஃபர் டை ஆக்சைடு எச்சத்தையும் கேளுங்கள்.

4. செல்கள் தாங்குமா? ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலையின் ஐந்தாம் பகுதி இதற்கானது. பல் மருத்துவப் பொருள்களுக்கென்று தனியாக ஐ.எஸ்.ஓ. 7405 இருக்கிறது.

5. எரிச்சல், ஒவ்வாமை, மரபணுக் கெடுதல் உண்டா? வாயின் உட்தோல் மெல்லியது. கையில் தடவினால் ஒன்றும் செய்யாத பொருள் ஈறில் புண்ணாக்கலாம். மரபணு மாற்றத்தைப் பார்க்க ஏம்ஸ் சோதனை, அதற்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி எண் 471.

6. பல் என்ன ஆகும்? இதை மறப்பவர்கள் அதிகம். பி.எச். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சை, புளி சேர்த்த கலவைகள் இங்கே மாட்டும். கரியும் உப்பும் சேர்ந்த பொடி பல்லைத் தேய்த்துவிடும். பற்பசையின் தேய்ப்புத் திறனுக்கு ஐ.எஸ்.ஓ. 11609 வைத்திருக்கும் உச்ச வரம்பு 250. கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகள் பல்லில் கறை ஏற்றக்கூடும்.

7. விழுங்கினால்? சிறு குழந்தைகள் பற்பசையைத் துப்பாமல் விழுங்கிவிடுவது உண்டு. ஆகவே வாய்வழி நச்சுச் சோதனை அவசியம். அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனை இந்தியாவில் 2014 முதல் தடை. பற்பசை அழகுப் பொருளாக விற்கிறதா, சித்த மருந்தாக விற்கிறதா என்பதைப் பொறுத்துச் சட்டமும் சோதனையும் மாறும். முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனிதர்களிடம் சோதிப்பது இவ்வளவும் முடிந்த பிறகு. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவும் வேண்டும்.

96 குழித் தட்டில் நடப்பது

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 10,000 செல்கள். பொதுவாக எல்929 என்ற எலி நார்த்திசுச் செல். பல் சார்ந்த வேலைக்கு மனித ஈறுச் செல் இன்னும் பொருத்தம். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. ஒரு நாள் ஒட்டி வளரவிட்டு, மூலிகைச் சாற்றைப் பல அளவுகளில் சேர்த்து இன்னொரு நாள் வைக்கிறார்கள். பிறகு மஞ்சள் நிற எம்.டி.டி. கரைசல். உயிருள்ள செல் அதை ஊதா நிறப் பொருளாக மாற்றும். அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் நிறத்தின் அடர்த்தியை அளக்கிறோம். சாறு சேர்க்காத குழிகளை 100 என்று வைத்துக்கொண்டால், சாறு சேர்த்த குழி 70க்குக் கீழே போனால் அது செல்லுக்கு நஞ்சு.

சொல்ல எளிதாக இருக்கிறது. புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, மூலிகையின் நிறம். மஞ்சள் சாறும் கற்பூரவல்லிச் சாறும் தாங்களே நிறம் கொண்டவை. அதைவிட முக்கியம், பாலிஃபீனால் நிறைந்த சாறுகள் செல்லே இல்லாமலும் எம்.டி.டி.யை ஊதாவாக மாற்றும். செத்த செல் உயிரோடிருப்பதாகக் கணக்கு காட்டும். செல் இல்லாத குழியில் சாறும் எம்.டி.டி.யும் மட்டும் சேர்த்து ஒரு வரிசை வைத்தால் இது பிடிபடும். அந்த வரிசை இல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் நியூட்ரல் ரெட் முறையிலும் செய்து பாருங்கள்.

இரண்டாவது, கரைப்பான். தண்ணீரில் கரையாத சாற்றை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைப்பது வழக்கம். குழியில் அது அரை சதவீதத்தைத் தாண்டினால் செல் அதனாலேயே பாதிக்கப்படலாம். பழி மூலிகை மேல் விழும். கரைப்பான் மட்டும் சேர்த்த குழிகள் கட்டாயம்.

மூன்றாவது, நேரம். வாய் கொப்பளிப்பது ஒரு நிமிடம். தட்டில் வைப்பது 24 மணி நேரம். வாயில் உமிழ்நீர் ஓடுகிறது, தட்டில் இல்லை. பல் மருத்துவர்கள் தினமும் எழுதிக்கொடுக்கும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடினைக்கூடத் தட்டில் போட்டால் ஈறுச் செல்கள் சாகும். ஆகவே குளோர்ஹெக்சிடினை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஒரு நிமிடத் தொடர்பு, 24 மணி நேரத் தொடர்பு இரண்டையும் செய்யுங்கள். பற்சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைத் தடுக்கும் அளவையும் செல்லைக் கெடுக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகமிருந்தால்தான் அந்தச் சாற்றுக்குப் பல் மருத்துவத்தில் எதிர்காலம்.

கிராம்பு எண்ணெய்: ஒரு கணக்கு

கணக்குப் போடத் தெரிந்தவரைத் துறை கைவிடாது. கிராம்பு எண்ணெயில் யூஜினால் ஏறக்குறைய 80 சதவீதம். ஐந்து சொட்டு என்றால் கால் மில்லி லிட்டர். அதில் யூஜினால் சுமார் 200 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, யூஜினாலுக்கு ஒரு நாளைய உச்ச அளவாக உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வைத்திருக்கிறது. 20 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம். அந்த ஐந்து சொட்டை விழுங்கினால் நான்கு மடங்கு.

ஒரு தடவை அந்த உச்ச அளவைத் தாண்டினாலே ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை; ஆயுள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் தாங்கும் அளவாக வைத்தது அது. ஆனால் “தினமும் காலையும் மாலையும், குழந்தைகளுக்கும் ஏற்றது” என்று லேபிளில் போட நினைப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே பதில் சொல்லிவிடும்.

எண்ணெய் மில் முதலாளி ஒருவர் கேட்பதும் ஆய்வகப் பெண் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஏனுங்கம்மிணி, எங்க அப்பாரு காலத்துல இருந்து இந்த எண்ணெயிலதான் கொப்பளிக்கறோம். ஒண்ணும் ஆகலீங்களே?”

“வெறும் எண்ணெய்ல ஆகலீங்கண்ணா. இப்ப அதுல கிராம்பு எண்ணெய் எத்தனை சதவீதம் சேர்த்தியிருக்கறீங்க? அதை மட்டும் சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்.”

மரியாதையாக, அனுபவத்தைப் பழிக்காமல், மாறிய ஒன்றை மட்டும் சுட்டிக் கேட்பது. இந்தப் பேச்சும் வேலையின் பகுதிதான்.

துணி லேப்பில் கற்றது வீண் போகாது

திருப்பூர்ப் பக்கம் லேப்பில் வேலை பார்த்தவர்களுக்குக் கையில் பாதி வித்தை இருக்கிறது. சாயப்பட்டறையில் ஷேட் பார்க்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும், 96 குழித் தட்டைப் படிக்கும் கருவியும் ஒளியை வைத்து நிறத்தை அளக்கும் கருவிகளே. ஏற்றுமதித் துணியில் தடை செய்த அசோ சாயத்தைத் தேடும் ஜி.சி.எம்.எஸ்., எச்.பி.எல்.சி. கருவிகள் மூலிகையில் கரைப்பான் எச்சத்தையும் ஆல்கலாய்டையும் தேடும். துணியில் பி.எச்., கன உலோகம் பார்த்தவருக்கு மேலே சொன்ன மூன்றாம் படி புதிதல்ல. வாங்குபவரின் ஆடிட்டர் வந்து பதிவேட்டைப் புரட்டும்போது பதற்றமில்லாமல் நின்றவருக்கு ஆய்வகத் தணிக்கை பழகிய விஷயம்.

இல்லாதது உயிரியல் கை. செல் வளர்ப்பு, கிருமி நீக்கம், நச்சியல் புள்ளிவிவரம் மூன்றையும் கற்றுக்கொள்ள வேண்டும். கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்று உயர் மையம் இயங்குகிறது. 2020இல் கொரோனா பாதுகாப்பு உடைகள் அங்கே சோதிக்கப்பட்டன. துணித் துறையிலிருந்து மருத்துவச் சோதனைக்கு மாற நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது.

எங்கே படிப்பது, எங்கே சேர்வது

திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலோ இளநிலை முடித்தவர், முதுநிலையில் செல் வளர்ப்பு நடக்கும் துறையைத் தேடிச் சேருங்கள். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் போய், “செல் வளர்ப்பு அறையை மாணவர்கள் தாங்களே பயன்படுத்துகிறார்களா?” என்று கேளுங்கள். பி.ஃபார்ம். படித்தவர்களுக்கு ஜி.பேட். தேர்வு எழுதி, மருந்தியல் உயர்கல்விக்கான நைப்பர் நிறுவனங்களுக்குப் போகும் வழி உண்டு. ஹைதராபாத் நைப்பரில் ஒழுங்குமுறை நச்சியல் தனிப் படிப்பு. லக்னோவில் மத்திய அரசின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் முழுக்க இந்தத் துறைக்கானது.

வேலைக்கு: சென்னை அருகே படப்பையில் ஐ.ஐ.பி.ஏ.டி. என்ற நச்சியல் நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத்திலும் ஒப்பந்த ஆய்வகங்கள் பல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு மருத்துவப் பொருள்களைச் சோதிக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் சித்த மத்திய ஆராய்ச்சி நிறுவனம். பல் மருத்துவத்தோடு சேர்ந்த மூலிகை ஆய்வு சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நிறைய வெளியாகிறது. நமக்குப் பக்கத்தில் திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆராய்ச்சி செய்யும் முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வகக் கை தேவைப்படும். அங்கே கேட்டுப் பாருங்கள்.

கல்லூரியில் செல் வளர்ப்பு வசதி இல்லையா? ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சுகளை வைத்து முதற்கட்டச் சோதனை செய்யலாம். உப்புநீரில் முட்டையைப் போட்டால் ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரியும். குழாய்க்குப் பத்துக் குஞ்சு, பல அளவில் சாறு, 24 மணி நேரம் கழித்து உயிரோடிருப்பதை எண்ணுவது. 1982இல் வெளியான இந்த முறையில், பாதிக் குஞ்சுகள் சாகும் அளவு மில்லி லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டிய சாறு. இதைச் செய்துவிட்டு “மனிதனுக்குப் பாதுகாப்பானது” என்று முடிவுரை எழுதாதீர்கள். இது வடிகட்டும் முதல் சல்லடை மட்டுமே.

வேலையில் சேர்ந்த பிறகு

ஜி.எல்.பி. எனப்படும் நல்ல ஆய்வக நடைமுறை இந்த வேலையின் சட்டப் புத்தகம். இந்தியாவில் அதற்கான தேசிய ஆணையம் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2002இல் அமைந்தது. 2011இல் இந்தியா ஓ.இ.சி.டி.யின் பரஸ்பர ஏற்பு முறையில் முழுமையாகச் சேர்ந்தது. அதனால் ஜி.எல்.பி. சான்றுள்ள நம் ஆய்வகத்து அறிக்கையை அந்த முறையில் உள்ள மற்ற நாடுகளும் ஏற்கும். உங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு தூரம் மதிப்பு என்பதை மறக்காதீர்கள்.

நோட்டில் பென்சில் கூடாது. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் காரணமும் இடுங்கள். வெள்ளை மை தொடவே கூடாது. மாதிரி வந்த நேரம், பேட்ச் எண், வைத்த குளிர்பெட்டி வரை பதிவு வேண்டும். எழுதி வைக்காத சோதனை நடக்காத சோதனை.

ஒரு நாள் உங்களிடம் கேட்பார்கள்: “இந்த ஒரு தட்டு மட்டும் சரியில்லை, விட்டுடலாமா? பார்ட்டி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காங்க.” விடக்கூடாது. காரணம் கண்டுபிடித்தால் காரணத்தோடு எழுதி மறுபடி செய்யலாம். காரணம் தெரியாவிட்டால் அந்தத் தட்டும் அறிக்கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேளுங்கள். தரக் கண்காணிப்புப் பிரிவு தனியாக இருப்பதே இதற்காகத்தான். அவர்களிடம் நேராகப் போகலாம். அந்தப் பற்பசையில் பல் துலக்கப்போகும் குழந்தைக்காகப் பேச அந்த அறையில் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இந்த மாதமே தொடங்க

வீட்டில் இருக்கும் மூலிகைப் பற்பசையின் அட்டையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு செடிக்கும் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், முக்கிய வேதிப்பொருள், தெரிந்த கெடுதல் என்று நான்கு பத்தியில் பட்டியல் போடுங்கள். தேசிய தரத்தில் பற்பசைக்கு ஐ.எஸ். 6356, பல்பொடிக்கு ஐ.எஸ். 5383 இருக்கின்றன, இரண்டையும் வாசியுங்கள். எக்செல்லில் அளவு, விளைவு வரைபடம் போட்டுப் பாதி செல் சாகும் அளவைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். பிறகு பக்கத்து எண்ணெய் மில்லுக்குப் போய், கொப்பரை வாங்குவதிலிருந்து பாட்டில் அடைப்பது வரை என்னென்ன சோதனை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது இந்தப் பட்டியலையும் வரைபடத்தையும் குறிப்பையும் கையில் கொண்டுபோங்கள். இவை இருந்தால், “அனுபவம் உண்டா?” என்ற கேள்விக்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.